சந்திர யாத்திரையும் நெய்த நினைவும்

கருவி பெரும்புகழ் பெறுமிடத்து, அக்கருவியைச் செய்த கை மறக்கப்படுதல் உலகத்தில் நெடுநாளாக நிகழ்ந்துவரும் வழக்கமாகும். கோயிலைக் கட்டுவித்த அரசன் பெயர் கல்லில் நிற்கின்றது. அக்கல்லைச் செதுக்கிய சிற்பியின் பெயரை அறிவார் அரியர். பட்டுடுத்தியவரைப் பலரும் புகழ்வர்; அப்பட்டினை நெய்தவர் யாவர் என்று வினவுவார் ஒருவரும் இலர். நெசவையே குலத்தொழிலாகக் கொண்டு பல தலைமுறை வாழ்ந்த நமது சமூகத்தார்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், மனிதர் சந்திரனுக்குச் சென்று மீண்ட பெருஞ்செயலினுள்ளும் ஒரு நெசவு பொதிந்து கிடக்கின்றது என்பதை நம்மவருட் பலர் அறியார். ஆதலின் அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்து நமது அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

யந்திரம் வேண்டிய காரணம்

1961-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜனாதிபதி கென்னெடி அவர்கள், அப்பத்தாண்டு கழிவதற்குள் ஒரு மனிதனைச் சந்திரனில் இறக்கிச் சேமமாகத் திரும்பக் கொணர்தல் வேண்டுமென்று தம் நாட்டுச் சட்டசபையின் முன்னிலையில் அறிவித்தார். அப்பெருமுயற்சிக்கு அப்போலோ என்பது பெயர். அதன் பொருட்டு முதன்முதலாகச் செய்யப்பட்ட பெரிய ஒப்பந்தம் எதுவெனின், விண்கலத்தைச் செலுத்தும் பெருவாணத்திற்காகவும் அன்று, கலத்திற்காகவும் அன்று. வழிகாட்டும் கருவிக்காகவே செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வேலை மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கலாசாலையைச் சேர்ந்த கருவி ஆராய்ச்சிச்சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சாலையின் தலைவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் என்பவர். தாம் செய்யும் கருவி பழுதற வேலை செய்யும் என்பதில் அவருக்கிருந்த உறுதி எத்தகையதெனின், அறுபது வயது நிரம்பிய நிலையிலும், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், தம்மையே யாத்திரிகருள் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று அவர் கடிதம் எழுதினார்.

வழிகாட்டும் கருவி கலத்தினுள்ளேயே இருத்தல் வேண்டிய காரணம் யாது? சந்திரன் நம் பூமியிலிருந்து ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. வானொலி அலை அங்குச் சென்று சேர ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மிகுதியாகின்றது. விடை திரும்பி வருதற்கு மீண்டும் அவ்வளவு நேரம் வேண்டும். இறங்கும் கலத்தினை ஒவ்வொரு கணமும் திருத்திச் செலுத்த வேண்டியவர்க்கு அத்தாமதம் ஆகாது. அன்றியும், கலம் சந்திரனுக்கு அப்புறம் சென்று மறைந்துவிடின் பூமியோடு பேச்சே இல்லை. அம்மறைவில் இருக்கும்பொழுதுதான் சந்திரனைச் சுற்றும் பாதையிற் புகுதற்குரிய விசையை மூட்டுதல் வேண்டும். ஆதலின் கலம் தன் வழியைத் தானே கணக்கிட்டறிதல் இன்றியமையாததாயிற்று.

அக்கணக்கிற்கு ஆதாரமாயிருந்தவை இரண்டு. ஒன்று, கைராஸ்கோப் என்னும் சுழல்கருவிகளைக் கொண்ட மேடை. விரைந்து சுழலும் பம்பரம் தன் திசையை எளிதில் விடாதது போல, அம்மேடையும் கலம் எப்பக்கம் திரும்பினும் தன் திசையை மாற்றாது நிற்கும். மற்றொன்று, பண்டைக்காலத்து மாலுமிகள் போல விண்மீன்களைக் குறிபார்த்து அளக்கும் செக்ஸ்டெண்டு என்னும் கருவி. இதற்கென 37 விண்மீன்கள் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டும் தரும் அளவுகளைக் கொண்டு இருப்பிடத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, பொறிகளை இயக்கும் வேலையே கணிப்பொறிக்குரியது.

அக்காலத்துக் கணிப்பொறிகள் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவின. கலத்திற்கு வேண்டியதோ, இரண்டடி நீளமும் ஓரடிக்குச் சற்று மிகுந்த அகலமும் அரையடி உயரமும் உடைய ஒரு பெட்டி. எல்டன் ஹால் என்னும் பொறியியலார், அந்நாளில் புதிதாகத் தோன்றிப் பலராலும் நம்பப்படாதிருந்த சிலிக்கன் சில்லுகளைக் கொண்டே அதனை அமைக்கத் துணிந்தார். முடிவில் அமைந்த பெட்டியின் எடை ஏறத்தாழ 32 கிலோகிராம். அது கொண்ட மின்சாரம் 55 வாட், அஃதாவது வீட்டில் எரியும் ஒரு பழைய மின்விளக்கின் அளவே. தாய்க்கலத்தில் ஒன்றும், சந்திரனில் இறங்கும் சிறுகலத்தில் ஒன்றுமாக, ஒவ்வோர் இறங்கும் யாத்திரையிலும் இரண்டு பெட்டிகள் சென்றன.

யாத்திரிகர் அப்பெட்டியோடு பேசிய முறையும் அறியத்தக்கது. எழுத்துப் பலகை அதற்கில்லை. எண்களும் சில குறிகளுமே உண்டு. நம் இலக்கணத்திற் போலவே பெயர், வினை என்னும் இரு பகுதிகளால் ஏவல் அமையும். செய்யவேண்டிய செயலுக்கு இரண்டிலக்கமுள்ள ஒரு வினையெண். செயலுக்குரிய பொருளுக்கு அவ்வாறே ஒரு பெயரெண். இவ்விரண்டையும் அழுத்தின் யந்திரம் ஏவலை நிறைவேற்றும்.

நெய்யப்பட்ட நினைவு

இனி, நாம் சொல்லவந்த நெசவுக்கு வருவோம். எக்கணிப்பொறிக்கும் நினைவு என்பது ஒன்று வேண்டும். இன்ன வேளையில் இன்னது செய்க என்னும் கட்டளைகளின் தொகுதியை அது தன்னுள் வைத்துக்கொண்டிருத்தல் வேண்டும். அப்போலோ யந்திரத்தில் நினைவு இருவகைப்பட்டது. ஒன்று, எழுதி அழிக்கத்தக்க சிலேட்டுப் பலகை போன்றது. அதில் 2,048 சொற்களுக்கே இடமுண்டு. மற்றொன்று, கல்லிற் பொறித்த சாசனம் போல் அழியாதது. அதில் 36,864 சொற்கள் அடங்கின. இங்குச் சொல் என்பது ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளே பதினாறு முறை அடுக்கி வருவதாம். இக்காலத்துக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் கொள்ளும் இடத்தைக்கூட இவ்விரண்டு நினைவும் சேர்ந்து நிரப்பமாட்டா. அவ்வளவு சிறியதொரு நினைவை நம்பி மனிதர் சந்திரனுக்குச் சென்றனர்.

அவ்வழியா நினைவு எழுதப்பட்டதன்று, நெய்யப்பட்டது. இதனை உவமையாகக் கூறவில்லை. சின்னஞ்சிறு காந்த வளையங்கள் வரிசை வரிசையாக அமைக்கப்பட்டன. மயிரிழை போன்ற செப்புக் கம்பி அவற்றினூடே செலுத்தப்பட்டது. கம்பி ஒரு வளையத்தின் உள்ளே நுழைந்து சென்றால் அது ஒன்று என்னும் குறி. உள்ளே நுழையாமல் புறத்தே விலகிச் சென்றால் அது சுழி என்னும் குறி. ஒவ்வொரு வளையத்திற்கும் இவ்வாறு நுழைவனவும் விலகுவனவுமாக 192 கம்பிகள் உண்டு. ஒரு தொகுதியில் 512 வளையங்கள். ஒரு யந்திரத்தில் ஆறு தொகுதிகள். ஆகவே 3,072 வளையங்களில் 5,89,824 குறிகள் பொதிந்து கிடந்தன. பாவினிடையே ஊடையை எவ்விழையின் மேலும் எவ்விழையின் கீழும் செலுத்துவது என்று பார்த்துப் பார்த்துப் பூவேலை நெய்யும் நம்மவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கம்பிகள் திரண்டு முறுக்கிய கயிறு போலத் தோன்றியமையால் இதற்குக் கயிற்று நினைவு என்று பெயர் வழங்கிற்று.

இவ்வேலை நடைபெற்ற இடம், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து வால்தம் என்னும் ஊரில் ரேதியான் கம்பெனியாருடைய தொழிற்சாலை. அவ்வூரின் பழமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1813-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் கேபட் லோவெல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் தொடங்கிய பஞ்சாலை, சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இவ்வூரிலேதான் எழுந்தது. பஞ்சு நுழைவது முதல் துணி வெளிவருவது வரை எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் விசையால் நடைபெறும் ஆலையை அந்நாட்டில் முதலில் நிறுவியவர் அவர்களே. பின்னர் அவ்வூர் கைக்கடிகாரத் தொழிலிலும் பேர்பெற்று விளங்கிற்று. நினைவு நெய்தற்குக் கை தேர்ந்தவர் வேண்டியபோது, துணித்தொழிலிலும் கடிகாரத் தொழிலிலும் பழகிய அவ்வட்டாரத்துப் பெண்டிரையே கம்பெனியார் அமர்த்திக்கொண்டனர்.

பெண்டிர் இருவர் எதிரெதிராக அமர்ந்திருப்பர். இடையில் வளையத் தொகுதி நிற்கும். துளையிட்ட காகித நாடா ஒன்றின் ஏவலால் ஒரு யந்திரம் நகர்ந்து, கம்பி நுழைய வேண்டிய வாயிலை மட்டும் காட்டி நிற்கும். ஒருத்தி கம்பி கோத்த ஊசியை அதனூடே செலுத்துவாள். மற்றவள் வாங்கித் திரும்ப அனுப்புவாள். தறியில் நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுவது போல அவ்வூசி ஓடும். ஒரு யாத்திரைக்குரிய நினைவை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு வேலையையும் மூவர் நால்வர் பார்த்து ஒப்பிய பின்னரே முத்திரை இடுவர். ஓரிடத்தில் கம்பி தவறி நுழைந்தாலும் அத்தவறு சந்திரன் வரையில் உடன்செல்லும் என்பதை அனைவரும் உணர்ந்திருந்தனர்.

துளையிட்ட காகிதம் என்றவுடனே நம்மவருட் சிலர்க்குத் தம் தறியின்மேல் ஏற்றியிருக்கும் ஜக்கார்டுப் பெட்டி நினைவுக்கு வரும். அது பிழையன்று. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்ஸு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் அமைத்த அத்தறியின் துளையட்டைகளைக் கண்டே, இங்கிலாந்தின் கணித வல்லுநராகிய சார்லஸ் பாபேஜ், கணக்கிடும் யந்திரத்திற்கும் அட்டைகளால் கட்டளையிடலாம் என்று கருதினார். கணிப்பொறி வரலாற்றின் முதலேட்டிலேயே தறி நிற்கின்றது. ஆதலின் வால்தம் ஊரில் நடந்தது, அவ்வித்தை தன் பிறந்தகத்திற்கு ஒருமுறை வந்து சென்றது போலாம்.

நெய்ததன் வலிமையும் வரையறையும்

இவ்வாறு நெய்ததனால் விளைந்த பயன் யாது என்பதைச் சோதனைக் காலங்களே காட்டின. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அப்போலோ 8 சந்திரனைச் சுற்றி மீண்டு வருங்கால், யாத்திரிகர் லோவெல் கைதவறி, புறப்பாட்டிற்கு முன் நடத்த வேண்டிய ஒரு செயலை ஏவிவிட்டார். அழியும் நினைவில் இருந்த திசைக்குறிப்புகள் குலைந்தன. ஆயின் நெய்த நினைவு நெய்தவாறே இருந்தது. அவர் விண்மீன்களைக் குறிபார்த்துத் திசையை மீண்டும் நிலைநாட்டினார். யாத்திரிகர் இவ்வாறு தவறுதல் கூடுமென்று, கணிதம் பயின்று அவ்வேலையில் ஈடுபட்டிருந்த மார்கரெட் ஹாமில்டன் அம்மையார் முன்னரே எச்சரித்திருந்தார். தேர்ந்த யாத்திரிகர் அங்ஙனம் தவறார் என்று மேலோர் அதனைத் தள்ளிவிட்டனர்.

1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் தேதி நிகழ்ந்தது அதனினும் பெரிய சோதனை. ஆர்ம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கையில், 1202 என்னும் எண் தோன்றி அபாய அறிவிப்புச் செய்தது. அப்போது தேவைப்படாத ஒரு ராடார் கருவியினின்று பொருளற்ற மின்துடிப்புகள் இடையறாது வந்து யந்திரத்தின் நேரத்தில் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டிருந்தன. உள்ள வேலைக்கு நேரம் போதாமையால் யந்திரம் அவ்வாறு முறையிட்டது. பூமியில், ஸ்டீவ் பேல்ஸ் என்னும் இருபத்தாறு வயது இளைஞர், மேற்செல்வதா திரும்புவதா என்று உடனே கூற வேண்டிய பொறுப்பில் இருந்தார். சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இத்தகைய அறிவிப்பொன்றைக் கண்டு, தேவையின்றி இறக்கம் கைவிடப்பட்டது. அதன்பின் ஜாக் கார்மன் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர், எல்லா அபாய எண்களையும் ஒரு தாளில் எழுதி, இன்னதற்கு இன்னது செய்க என்று குறித்து வைத்திருந்தார். அத்தாள் அன்று கைகொடுத்தது. மேற்செல்லுக என்று விடை சென்றது. சில நிமிஷங்களுக்குள் இவ்வாறு ஐந்து முறை அறிவிப்பு எழுந்தும் கலம் வழி தவறவில்லை.

ஏன் தவறவில்லை எனின், யந்திரம் ஒவ்வொரு முறையும் தான் செய்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் கீழே போட்டுவிட்டு, இன்றியமையாதனவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொண்டது. முதன்மையானதை முதலிற் செய்க என்னும் இம்முறையை வகுத்தவர் ஹால் லேனிங் என்பவர். இங்ஙனம் விழுந்து விழுந்து எழுவதற்கு, எழும்போது தவறாது கிடைக்கும் ஒரு மூலம் வேண்டும். அந்த மூலம் நெய்த கயிற்றில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் தேதி அப்போலோ 12 கிளம்பிய ஒரு நிமிஷத்திற்குள் இருமுறை இடி தாக்கிற்று. திசைகாட்டும் மேடை நிலைகுலைந்தது. கயிற்றில் நெய்திருந்த கட்டளைகளோ ஓரெழுத்தும் கெடவில்லை. பூமியைச் சுற்றும் பாதையில் மேடையை மீண்டும் சரிசெய்துகொண்டு அவர்கள் சந்திரனுக்குச் சென்றனர்.

உண்மை கூறுமிடத்து மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அழியாதது எனின் மாற்ற முடியாதது என்பதும் பொருளாம். 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி, அப்போலோ 14-இன் சிறுகலம் இறங்குதற்கு முன், இறக்கத்தைக் கைவிடும் பொத்தானை எவரும் அழுத்தாமலே அழுத்தியது போன்ற பொய்க்குறிப்பு யந்திரத்திற்குச் சென்றுகொண்டிருந்தது. பொத்தானுக்குள் அகப்பட்ட சிறு உலோகத் துணுக்கே காரணம் என்று கருதப்பட்டது. நெய்ததை அவிழ்த்து நெய்ய அங்கே யார் உளர்? மாஸச்சூஸெட்ஸில் இருந்த டான் ஐல்ஸ் என்னும் இளைஞர், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்குள், அழியும் நினைவில் சில எண்களை மாற்றி அப்பொய்க்குறிப்பை யந்திரம் பொருட்படுத்தாதிருக்கும் வழியைக் கண்டார். யாத்திரிகர் மிச்செல் அவ்வெண்களைக் கையால் அழுத்தினார்; கலம் இறங்கிற்று. நெய்த பகுதியின் உறுதியும் எழுதும் பகுதியின் நெகிழ்ச்சியும் சேர்ந்தே அப்பயணங்கள் நிறைவேறின. பாவு மட்டும் இருந்தால் துணியாகுமோ?

1972-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு அப்போலோ யாத்திரைகள் முடிவுற்றன. ஆறு முறை மனிதர் சந்திரனில் இறங்கினர். ஆறு முறையும் இவ்யந்திரமே இறக்கிற்று. கடைசி நேரத்தில் இடம் பார்த்து இறக்கியவர் யாத்திரிகரேயாயினும், அவர் கையசைவை வாங்கிப் பொறியை ஆண்டது இதுவேயாகும்.

நாம் கொள்ள வேண்டுவது

நெய்த பெண்டிரே சந்திரனுக்கு வழி கண்டார் என்று நாம் கூறின் அது மிகையாகும். கணக்கை வகுத்தவர் வேறு. கட்டளைகளை எழுதியவர் வேறு. அக்கட்டளைகளின்படியே அவர்கள் கம்பியைச் செலுத்தினர். ஆயின், எழுதியவர் எழுதியது பிழையின்றிச் சென்று சேர்ந்தது அவர்கள் கையால்தான் என்பதில் ஐயமில்லை. அந்நாளில் பொறியியலார் சிலர் அந்நினைவுக்குக் கிழவியர் நினைவு என்று ஒரு விளையாட்டுப் பெயரும் இட்டிருந்தனர். அவ்விளையாட்டில் அன்பு ஒரு பங்கும் அலட்சியம் ஒரு பங்கும் கலந்திருத்தலை நம்மவர் எளிதில் உணர்வர். ஹாமில்டன் அம்மையாருக்கு 2016-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஜனாதிபதி மிக உயர்ந்த விருதினை அளித்துச் சிறப்பித்தார்; அது தக்கதே. ஆயின் ஊசி பிடித்த பெண்டிருள் மிகச் சிலர் பெயரே அச்சேறியிருக்கின்றது.

இதனை அயல்நாட்டுக் குறையாக மட்டும் கருதிவிட்டுச் செல்லுதல் நமக்கு அழகன்று. நம் இளைஞருட் சிலர், கல்லூரியிலும் உத்தியோகத்திலும் தம் பெற்றோர் தறியில் இருப்பவர் என்று கூற நாணுகின்றனர் என்று கேள்வியுறுகின்றோம். தறிக்குழியில் இருப்பது அறிவு வேண்டாத வேலை என்னும் எண்ணமே அந்நாணத்திற்கு வேர். இவ்வரலாறு அவ்வெண்ணத்தை வேரோடு களைதற்குப் போதியது. ஆயிரம் இழைகளில் எது மேல், எது கீழ் என்று பிழையாது நடத்தும் கையும், ஒன்றையும் சுழியையும் கொண்டு கணக்கு வகுக்கும் மூளையும் ஒரே ஒழுக்கத்தின் இரு பிள்ளைகள். தறியிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் பிள்ளை தன் வீட்டை விட்டு வெகுதூரம் செல்லவில்லை. நம் பெண்மக்களையும் அவ்வழியிற் படிக்க வைத்தல் வேண்டும். தறி வேலையில் பாதி அவர்கள் கையால் நடந்தும், கணக்கிலும் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லாதிருந்த காலம் போதும்.

மற்றொன்றும் வேண்டிக்கொள்ளுகின்றோம். ஒவ்வோர் ஊர்க் கிளையாரும், தங்கள் ஊரில் எழுபது வயது கடந்த நெசவாளர், பாவு தோய்த்தவர், சாயமிட்டவர், நூல் இழைத்த மூதாட்டியர் ஆகியோர் பெயர்களையும், அவர்கள் கைவந்த வேலைப்பாடுகளையும் கேட்டெழுதி நமது சங்கக் காரியதரிசிக்கு அனுப்புவாராக. அவை மாதந்தோறும் இப்பத்திரிகையில் வெளியிடப்பெறும். சந்திரன் வரையில் சென்ற நெசவுக்கும் நெய்தார் பெயர் நிற்கவில்லை. நம் தெருவில் நெய்தவர் பெயரையேனும், அவர்கள் நம்முடன் இருக்கும்பொழுதே நாம் எழுதி வைப்போமாக.